களைப்பு போகும் பள்ளம்

சரிவுப் பலகையில் பாதி ஏறியதும் இடது கையைத் தூக்கினேன். வலது தோளில் முந்திரிக்கொட்டை மூட்டை. கை தூக்கினால் போதும், கீழே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவள் என் விசையை அழுத்துவாள். அழுத்தினால் பிடரியில் ஒட்டியிருக்கும் பட்டை சில்லென்று ஒரு தடவை துடிக்கும். அடுத்த மூச்சில் தொடை நடுக்கம் போகும், கண்ணில் பூச்சி பறப்பது நிற்கும், இப்போதுதான் எழுந்து முகம் கழுவிய மாதிரி இருக்கும். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

அன்று பட்டை துடிக்கவில்லை.

"ஏளா வேலம்மா! அழுத்துளா!"

"அழுத்திட்டேங்கேன்! ஸ்கிரீனுல்லா இருட்டுது!"

"திரும்ப அழுத்து!"

"திரும்ப அழுத்துனா இன்னும் இருட்டுதுக்கா! கண்ணே தெரியல!"

பலகையில் நின்று மூச்சு வாங்கினேன். பின்னால் வந்த ஜெபக்கனி, "எக்கா, லேசா ஒதுங்கிக்கிடுதியளா?" என்றாள். ஒதுங்கினேன். மூட்டையோடு என்னைத் தாண்டிப் போனாள். இறக்கிவிட்டு வெறுந்தோளோடு திரும்பி வரும்போதும் நான் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதுவரை அவள் என்னைத் தாண்டியதே இல்லை. என்னை என்ன, யாரையுமே தாண்டியதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற கிடங்குகளில் மூட்டை தூக்கும் பொம்பளையாள் செட்டு எங்களுடையது. இந்தப் பட்டை வந்த பிறகுதான் எங்களுக்குப் பெரிய சரக்கே கிடைத்தது. ஒருத்தியின் களைப்பை எடுத்து மற்றவர்களிடம் கொடுத்துவிடும் பட்டை. முதலில் கொடுத்த கம்பெனிக்காரன் ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு பிடித்தான். அவன் கடையைச் சாத்திவிட்டுப் போனதும், துறைமுகத்தின் மூன்றாம் கேட் பக்கம் லேப்டாப் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ரிஸ்வானா ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போட்டு, பட்டைக்கான புரோகிராமையும் அதில் எழுதிக் கொடுத்தாள். விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப் ஒன்றிலிருந்து எஃப் பன்னிரண்டு வரை பன்னிரண்டு விசை. நாங்களும் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு விசை. அப்போது எங்களில் யாருக்கும் எழுத்து தெரியாது. அதனால் அவளவள் விசையில் அவளவள் ஒட்டுப்பொட்டை ஒட்டி வைத்தோம். என்னுடையது பெரிய மெரூன் பொட்டு. ஜெபக்கனி பொட்டு வைக்கிற கூட்டமில்லை, சபைக்குப் போகிறவள். ஒன்றும் ஒட்டாத வெறும் விசை அவளுடையது.

எங்களுக்குள் சில முறை உண்டு. கை தூக்கியவளுக்கு மறுக்கக் கூடாது. தன் விசையைத் தானே அழுத்தக் கூடாது. காய்ச்சல்காரியோ தூரமானவளோ அன்றைக்கு மூட்டை தொட வேண்டாம், லேப்டாப் பக்கம் உட்காரலாம். கூலியிலும் அவளுக்கு முழுப் பங்கு. டீ என்றால் சமமாக ஊற்றுவோம், வடை குறைந்தால் பிய்த்துச் சமமாக்குவோம். ஆகவே களைப்பும் அப்படியே பதினோரு பங்காகப் பிரிந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நாங்கள் இருந்த இருப்புக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

இன்னொரு முறையும் உண்டு. புதுக் கப்பல் சரக்கு வந்து இறங்கும் அன்று செட்டு வரிசையில் நிற்கும்போது, முன்னால் ஓர் ஆள் இடம் விட்டு நிற்பார்கள். யார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். கண் யார் மேல் போகிறதோ அவள்தான் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு 'முதல் தோள்' என்று பெயர். ஏஜென்ட் அவளிடம்தான் பேசுவான். ஆள் சேர்ப்பதும் கழிப்பதும் அவள் வாயில்தான் இருக்கிறது. பட்டை வந்த காலத்திலிருந்து அந்த இடத்தில் நின்றவள் நான். சந்தனமாரி செட்டு என்றால்தான் கிடங்கு வாட்ச்மேனுக்கே தெரியும்.

ஜெபக்கனிக்கும் ஒரு பெயர் உண்டு. கொட்டாவிக்கனி. மூட்டை மேல் சாய்ந்தால் தூங்கிவிடுவாள். நடந்தால் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், தோள் அகலம் ஆம்பளை மாதிரி. இருந்தும் அப்படி. கை தூக்கி விசை அழுத்தினாலும் அடுத்த நடைக்குள் பழையபடி சாய்ந்துவிடுவாள். செட்டிலிருந்து அவளைக் கழித்துவிடலாமா என்று நானே ஒரு தடவை பேச்செடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் என்னை முந்தினாள். சங்கக் கட்டிடத்தில் சாயங்கால வகுப்பு வந்தபோது எல்லோரும் போனோம். நான் பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடித்துக்கொண்டு 'ட'வோடு மல்லுக்கட்டிய நாளில், அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே கப்பல் பெயரைக் கூட்டி வாசித்தாள். டீச்சர் கைதட்டினாள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதனால்தான் லேப்டாப்பை மூடி வைக்கிற பொறுப்பு அவளிடம் போனது. விசை கெடுவதற்கு முந்தின சாயங்காலம் அதை மூடப்போனபோது அது ஏதோ கேட்டிருக்கிறது. "ஃபர்ம்வேர் புதுசு வந்திருக்காம். போட்டுக்கிடவான்னு கேக்கு," என்று அவள் எங்களிடம் வாசித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரோ "போடு, போடு" என்றார்கள். யாருக்கு என்ன தெரியும்? மறுநாள் மெரூன் பொட்டை அழுத்தினால் திரை இருட்டுகிறது, பக்கத்து விசைக்குச் சத்தம் கூடுகிறது, அதற்கடுத்ததற்கு இன்டர்நெட் அறுந்துபோகிறது. பன்னிரண்டில் ஒன்றும் பட்டையைத் தொடவில்லை.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. சோற்றில் கை வைத்தபடி தூங்கினேன். இடது முழங்காலில் ஆணி அடித்த மாதிரி ஒரு குத்து. அது இடுப்பு வழியாக ஏறி முதுகில் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்களும் முனகினார்கள்தான். ஆனால் மத்தியானம் ஆனால் சுருண்டு விழுந்தது நான் ஒருத்திதான்.

ஜெபக்கனியோ லாரியிலிருந்து குதித்து இறங்குகிறாள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே கதை சொல்கிறாள். அவள் இத்தனை கேலி பேசுவாள் என்றே எங்களுக்குத் தெரியாது. வாட்ச்மேன் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாள், செட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏஜென்ட் பொன்னுத்துரை வந்தவன் என்னிடம் பேசிக்கொண்டே அவளைப் பார்த்தான். "அது யாரு, புது ஆளா?" என்றான்.

"பழைய ஆளுதான்," என்றேன்.

"பேரு?"

என் வாயால் சொல்லவில்லை. அவளே தூரத்திலிருந்து சொன்னாள்.

எனக்கு எரிந்தது. அவள் விசை மட்டும் வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். அவள் களைப்பு எங்கள் தலையில், குறிப்பாக என் தலையில், வந்து இறங்குகிறது. அவள் மூட்டையோடு இருந்த நேரம் பார்த்து, முறையை மீறி நானே போய் அவளுடைய வெறும் விசையை அழுத்திப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஊமையானது, அவ்வளவுதான்.

டீ நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏளா, நீதான அன்னைக்கு அழுத்துன?"

"ஆமாக்கா. கேட்டுச்சு, சரின்னேன்."

"அது கேட்டா நீ சரிம்பியா? நாளைக்கு ஒன் தாலியக் கேட்டா?"

"எங்க சபையில ஏதுக்கா தாலி? நான் மோதிரம்லா போட்டிருக்கேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலம்மாள் கூடச் சிரித்தாள். காய்ச்சல் விட்டும் விடாமலும் கிடக்கிறவள், ரத்தம் கம்மி என்று டாக்டரே சொன்னவள், அவளுக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது.

"களைப்பே இல்லாம திரியுதியே, எங்க கொண்டு கொட்டுத?"

"எங்கயும் கொட்டலக்கா. என்னோடத நானே வச்சிருக்கேன்." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். போகிற நடையைப் பார்த்தேன். அந்த நடை எனக்கு வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை கப்பல். சனிக்கிழமை வேலை முடிந்ததும் லேப்டாப்பை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் மட்டும் ரிஸ்வானா கடைக்குப் போனேன். சரி பண்ண வேண்டும் என்பது பாதிதான். அவள் செய்த திருட்டு என்ன என்று தெரிய வேண்டும்.

ரிஸ்வானா சார்ஜரைச் சொருகி, ஏதேதோ தட்டி, விசை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"விசை கெட்டுப் போகலக்கா. முந்தி இந்த மெரூன் பொட்ட அழுத்துனா 'நான் எஃப் ஏழு'ன்னு சொல்லும். ஃபர்ம்வேர், அதான் விசைக்குள்ள இருக்கிற புரோகிராம், மாறுனதும் அதே விசை 'வெளிச்சத்தக் குறை'ன்னு சொல்லுது. லினக்ஸ் சொன்னபடி கேட்டு வெளிச்சத்தக் குறைக்கி. நம்ம பட்டை புரோகிராம் எஃப் ஏழு வருவான் வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு."

"ஒருத்தி விசை மட்டும் வேலை செய்யுமா?"

"வழியே இல்ல. எல்லாம் ஒரே சங்கதிதான்."

"அப்போ ஒருத்தி மட்டும் களைப்பே இல்லாம பறக்காளே, அது எப்பிடி?"

"அவ தெம்பா இருப்பா."

"அவளா? அவ இத்தன வருசமா தூங்குமூஞ்சி. விசை வேலை செஞ்ச வரைக்கும் நிக்க முடியாம நின்னவ."

ரிஸ்வானா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது எப்பிடிப் பிரிக்குதுன்னு தெரியும்லா?"

"சமமா."

"யாரு சொன்னா?"

நாங்கள் வடை பிய்க்கிற மாதிரி கையால் பிய்த்துக் காட்டினேன்.

"சமமா இல்லக்கா. கம்பெனிக்காரன் வச்ச கணக்கத்தான் நானும் அப்பிடியே எழுதுனேன். தண்ணி பள்ளத்தப் பாத்து ஓடுதுல்ல, அந்த மாதிரி. யாரு ஒடம்பு ரொம்பத் தாங்குமோ, அவகிட்டதான் மொத்தமும் போகும். அவ நெறஞ்சாத்தான் அடுத்தவ."

நான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இன்னொருத்தியின் களைப்பு என் உடம்பில் வந்து இறங்கியதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. அதை என் தெம்பு என்று நினைத்திருந்தேன். மூட்டைக்கு ஒரு தடவை கை தூக்குவேன். முதல் தோள் கை தூக்கினால் யாரும் தாமதிக்க மாட்டார்கள். அத்தனை களைப்பும் யாரிடம் போயிருக்கிறது?

"சமமா ஆக்க முடியுமா?"

"ஒரு எடத்துல மாத்துனாப் போதும். ஆனா ஒங்க செட்டுல ரொம்ப ஒடஞ்சவ யாரு?"

"வேலம்மா."

"அவளுக்கும் ஒரு பங்கு போகும். பரவாயில்லையா?"

"அப்போ வேண்டாம், கணக்கத் தொடாத," என்றேன்.

"இன்னொண்ணும் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. போறது களைச்ச உணர்ச்சி மட்டும்தான். ஒடம்பு தேயுறது எங்கயும் போகாது. ஒங்க முட்டி வலிச்சிருந்தா நீங்க மெதுவா நடந்திருப்பிய. வலி வேற ஆளுகிட்டல்ல இருந்துச்சு." அவள் என் கால் பக்கம் பார்த்தாள். கடைக்குள் நான் நொண்டிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றாள். "இனி பழையபடி எல்லாம் எஃப்தான். நாளான்னைக்கு கப்பலுக்குப் பயமில்லாமப் போங்க."

பழையபடி. எனக்குப் படம் மாதிரி தெரிந்தது. வேலம்மாள் மெரூன் பொட்டை அழுத்துவாள், ஜெபக்கனி கொட்டாவி விடுவாள், பிள்ளைகள் கண் என் மேல் திரும்பும், பொன்னுத்துரை அவள் பெயரை மறந்துவிடுவான். ஒரு வாரமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அதுதான். நடந்துவிடும். ஆனால் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் அவள் என்னைச் சுமந்துகொண்டிருப்பாள். அதை நினைத்ததும் முன்னால் எரிந்ததைவிட மோசமாக எரிந்தது.

"எஃப் ஏழ மட்டும் சரி பண்ணாத," என்றேன்.

"என்னது?"

"என் விசைய மட்டும் அப்பிடியே விட்டுரு. இருட்டட்டும்."

"எதுக்குக்கா?" அவள் முகம் இளகிவிட்டது. "நல்ல மனசுக்கா ஒங்களுக்கு."

"நல்ல மனசுமில்ல, ஒரு மண்ணுமில்ல. எழுத்த எனக்கு முந்திக் கத்துக்கிட்டா. ஏஜென்ட் பேரு கேக்கான். பிள்ளைய அவ பின்னால திரியுது. என் களைப்பையுமா அவ வச்சுக்கிடணும்? அது என்னோடது. தரமாட்டேன்."

ரிஸ்வானா திரும்பவும் தட்ட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வரிசையில் நின்றோம். என் விசை மட்டும் சரியாகவில்லை, கடைக்காரிக்கு அது பிடிபடவில்லை என்று சொல்லியிருந்தேன். "அய்யோ, ஒங்களுக்கா இப்பிடி," என்றாள் வேலம்மாள். முன்னால் இடம் விட்டார்கள். யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் கண்கள் என்னைத் தொட்டுவிட்டு, கூச்சத்தோடு, ஜெபக்கனி பக்கம் போனதை நான் பார்த்தேன்.

ஜெபக்கனி அசையவில்லை. "அக்கா போகட்டும்," என்றாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒன் தயவுல நான் நிக்கணுமாக்கும்? போளா முன்னால!" என்று அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். போய் நின்றாள். முதல் மூட்டை அவள் தோளில் ஏறியது.

விசைகள் வேலை செய்தன. கைகள் உயர்ந்தன, வேலம்மாள் அழுத்தினாள், தூக்கியவர்கள் முகம் தெளிந்தது. நான் ஜெபக்கனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடை கொஞ்சம் கனத்தது. ஒரு கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான். முன்பு மாதிரி சாயவில்லை. நான் நொண்டி நொண்டி அவள் இரண்டு நடைக்கு ஒரு நடை போய்க்கொண்டிருந்தேன்.

பலகை உச்சியில், நான் மூட்டையை அடுக்கிவிட்டுத் திரும்பும்போது ஜெபக்கனி வழியை மறித்து நின்றாள்.

"எக்கா, ஒங்க முட்டி எங்க?"

"என்ன முட்டி?"

"இடது முட்டி. காலையில மொதோ எனக்கு வாறது அதுதான். முட்டில குத்திட்டு, இடுப்பு வழியா ஏறி முதுகுல வந்து குந்தும். இன்னைக்கு மத்தவியளோடது எல்லாம் வந்திட்டு. வேலம்மக்கா காய்ச்சலோட கைய அசைக்கிற அசதி கூட வந்திட்டு. ஒங்களோடது வரல."

"தெரிஞ்சே இருந்தியா நீ?"

"ஆளுக்கு ஒரு தினுசுல்லா. தெரியாம இருக்குமா?"

"பொறவு ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா, கொட்டாவிக்கனி வேலைக்குச் சாக்குச் சொல்லுதாம்பீய." தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்தாள். "மொதல்ல கோவமாத்தான் வந்திச்சு. பொறவு ஒங்க மேல பொறாமை."

"எம்மேலயா?"

"ஆமா. எனக்கு வாறதே இவ்வளவுன்னா, இது ஒங்களோடதுல பாதியாத்தான் இருக்கும், மீதிப் பாதி ஒங்ககிட்டயே இருக்கும்னு நெனப்பேன். அத வச்சுக்கிட்டே இந்தப் பொம்பள முன்னால நிக்காளே, நான் பாதிக்கே விழுந்து தூங்குதேனேன்னு. ராத்திரி படுத்தா ஒங்க நெனப்புதான். எரியும்." துணியை உதறித் தோளில் போட்டாள். "அன்னைக்கு லேப்டாப்பு சும்மா ஒண்ணும் கேக்கலக்கா. மேல் வரிசை விசை மாறும்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. வாசிச்சேன். வாசிச்சிட்டுத்தான் அழுத்துனேன். ஒங்க களைப்பு இல்லாம நான் யாருன்னு ஒரு நாளாவது பாக்கணும்னு இருந்துச்சு."

அடுத்தவள் மூட்டையோடு வந்தாள். இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னிடம் பாதி இருந்தது என்று அவள் சாகும் வரை நம்பியிருப்பாள். செட்டே வேறு ஆளைப் பார்த்தாலும், இந்த ஒருத்தி மனசில் நான் முதல் தோளாகவே இருந்திருப்பேன். ஆனால் அவள் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடம் அது அவளுக்குள் குத்தியிருக்கிறது.

"பாதி இல்லளா, மூதி," என்றேன். "முழுசும் ஒங்கிட்டதான் வந்திருக்கு. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. கடைக்காரி சொன்னா."

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வரும் என்றும் நினைத்தேன். இரண்டும் வரவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இப்போதுதான் யாரோ கொடுத்த மாதிரி. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பலகையில் இறங்கிப் போனாள். போகிற வேகத்தில் பலகை ஆடியது.

எனக்கு எரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் குனிந்து மூட்டையை வாங்குவதை, தோள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதை, உச்சியிலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

பிறகு அங்கேயே, அடுக்கின மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

கீழே வேலம்மாள் லேப்டாப்பை விட்டு எழுந்துவிட்டாள். "எக்கா! என்னாச்சு? உக்காந்துட்டிய?"

"எனக்குக் களைப்பா இருக்குளா," என்றேன். எனக்குக் களைப்பு என்று என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.